புளியங்கொட்டைப் பசையும் எட்டு மணி நேரமும்

ஒரு வகை ஆய்வுக் கட்டுரை இருக்கிறது. தலைப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும்னு சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு மரத்துப் பிசின் அல்லது விதைப் பசை, கூடவே தெரிந்த ஒரு மருந்து (பாதிக்குப் பாதி டைக்ளோஃபெனாக்), நடுவில் ‘மாற்றியமைக்கப்பட்ட’ என்று ஒரு சொல். முதல் பத்தியில் இயற்கைப் பொருள்கள் மலிவானவை, நச்சற்றவை, எளிதில் கிடைப்பவை என்று வரும். அப்புறம் மாத்திரை அழுத்துவார்கள், கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்துப் பார்ப்பார்கள், எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ மெதுவாக ஏறும் ஒரு கோடு வரைவார்கள். கடைசி வரியில் ‘நம்பிக்கை அளிக்கிறது’ என்று முடியும்.

பத்து வருஷத்துக்கு மேல் இவற்றைப் படித்து வருகிறேன். திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் எம்.ஃபார்ம் படிக்கிற பிள்ளைகள், “சார், ஒரு தடவை பார்த்துக் குடுங்க”ன்னு ஆய்வேட்டைக் கொண்டு வருவார்கள். எந்தக் கல்லூரின்னு சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் இதே கதைதான். முருங்கைப் பிசின், வெண்டைக்காய்க் கொழகொழப்பு, வெந்தயம், வேப்பம் பிசின், புளியங்கொட்டை என்று எல்லாமே மெதுவாக விடுகிறது, எல்லாமே நம்பிக்கை அளிக்கிறது. ஆனால் மருந்துக் கடையில் போய் எஸ்.ஆர். மாத்திரை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் பிசின்களில் ஒன்றையும் காணோம். ஏன் காணோம் என்பதுதான் இந்தப் பதிவு.

வேதியியல் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. அரிசி ஸ்டார்ச்சும் பருத்தி செல்லுலோஸும் கொத்தவரை விதையிலிருக்கும் குவார் பிசினும் எல்லாம் அந்தக் குடும்பம்தான். சில சங்கிலிகள் தண்ணீரைக் கண்டால் ஊதிப் பசையாகும். பாதாம் பிசினை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்து நிற்குமே, அதேதான். இப்படிப்பட்ட பொருளோடு மருந்தைக் கலந்து மாத்திரையாக அழுத்தினால், வயிற்றில் போனதும் வெளிப்புறம் மட்டும் நனைந்து வழுவழுப்பான ஒரு ஜெல் படலம் உண்டாகும். உள்ளே இருக்கிற மருந்து அந்தப் படலத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். அதனால் தாமதம். படலத்தின் வெளிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும், உள்ளே புதுப் படலம் உண்டாகும். ஒரு நாளைக்கு மூன்று வேளை போட வேண்டிய மருந்தை ஒரு வேளையாக்குவது இந்த வித்தைதான்.

எங்கள் தெருவில், கீழச் சித்திரை வீதிக்குப் பக்கத்தில், ஒரு மாமி சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சாப்பிடுகிறார். ஒரு நாள் கூப்பிட்டு, “ஏம்ப்பா, நீ மருந்துப் படிப்புதானே படிச்சே? இந்த மாத்திரை முழுசா அப்படியே வெளில வந்துடறது. கரையவே இல்லை. கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டானோ?” என்றார். நாலு நாளாக மாத்திரையை நிறுத்தியும் விட்டார். “மருந்து உள்ள போயிடுத்து மாமி, வெளில வந்தது வெறும் கூடு”ன்னு சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அப்போ கூட்டுக்கும் சேர்த்தா காசு வாங்கறான்?” என்றார்.

ஆமாம், கூட்டுக்கும் சேர்த்துத்தான். சொல்லப்போனால் எஸ்.ஆர். என்ற இரண்டு எழுத்துக்கு நாம் கொடுக்கிற கூடுதல் காசு கூட்டுக்குத்தான். மெட்ஃபார்மினின் மூலத் தயாரிப்பான குளூக்கோஃபேஜ் எக்ஸ்.ஆர். குறிப்பேட்டிலேயே, மாத்திரையின் மிச்சம் ஊறிப்போன மெத்தென்ற உருண்டையாக மலத்தில் வரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். (இதையே காரணமாக வைத்து எஸ்.ஆர். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ போடாதீர்கள். கூடு உடைந்தால் நாள் முழுக்க வர வேண்டியது ஒரே மூச்சில் வரும்.)

அந்தக் கூடு எதனால் ஆனது? சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் ஹைப்ரோமெல்லோஸும். இரண்டுமே செல்லுலோஸிலிருந்து, அதாவது மரக்கூழிலிருந்தோ பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்தோ வருபவை. ஆக ‘மாற்றியமைக்கப்பட்ட இயற்கைப் பாலிசாக்கரைடு’ என்பது எதிர்காலக் கனவு ஒன்றும் இல்லை. மாமி வருஷக்கணக்காக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார். ஹைப்ரோமெல்லோஸ் வகையறாவை வைத்து மெதுவாக விடும் மாத்திரை செய்வதற்கு அமெரிக்கக் காப்புரிமை 1962லேயே வந்துவிட்டது.

அப்படியானால் ஹைப்ரோமெல்லோஸ் ஜெயித்ததற்கும் நம்ம புளியங்கொட்டை வாசலிலேயே நிற்பதற்கும் என்ன வித்தியாசம்? புளியங்கொட்டைப் பசை மட்டமான பொருள் இல்லை. வித்தியாசம் ஒரு எண்ணில் இருக்கிறது: 2208. அமெரிக்க மருந்தியல் நூல் ஹைப்ரோமெல்லோஸை இப்படி நாலு இலக்கத்தில் வகைப்படுத்துகிறது. முதல் இரண்டு இலக்கம் மெத்தாக்ஸி குழு சராசரியாக 22 சதவீதம், அடுத்த இரண்டு ஹைட்ராக்ஸிபுரோப்பாக்ஸி 8 சதவீதம். முதலாவது 19க்கும் 24க்கும் நடுவில், இரண்டாவது 4க்கும் 12க்கும் நடுவில் இருந்தால்தான் 2208 என்று பெயர். பிறகு பாகுத்தன்மைக்குத் தனி அடையாளம்: கே4எம் என்றால் 2 சதவீதக் கரைசலில் சுமார் 4,000 அலகு, கே100எம் என்றால் சுமார் 1,00,000. சென்னையில் வாங்கினாலும் சிகாகோவில் வாங்கினாலும் அதே பொருள். ‘மாற்றியமைத்தல்’ என்ற சொல்லுக்கு இங்கே ஒரு அளவு இருக்கிறது.

நம்ம ஆய்வேடுகளில் ‘கார்பாக்ஸிமெத்தில் புளியங்கொட்டைப் பசை தயாரிக்கப்பட்டது’ என்று இருக்கும். எவ்வளவு கார்பாக்ஸிமெத்தில்? ஒரு சர்க்கரை அலகுக்குச் சராசரியாக எத்தனை குழு ஏறியது? என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலும் அந்த எண் இல்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 1600 பக்கத்தில் ஒரு பள்ளம் தெரிகிறது, ஆகவே வினை நடந்தது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நடந்தது சரி, எவ்வளவு நடந்தது?

இது ஏதோ பேராசிரியர்த்தனமான நச்சரிப்பு இல்லீங்க. ஒரு உதாரணம் பாருங்கள். சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் தண்ணீரில் பசையாகி மருந்தைப் பிடித்து வைக்கும். அதே சங்கிலிகளுக்கு நடுவில் குறுக்குப் பிணைப்பு போட்டால் கிராஸ்கார்மெல்லோஸ் ஆகிவிடும். அது கரையாமல் ஊதி, மாத்திரையைச் சில நிமிஷத்திலேயே சுக்கு நூறாக உடைக்கும். சாதாரண மாத்திரைகள் சட்டென்று உடைவதற்காக அதைத்தான் சேர்க்கிறார்கள். ஒரே செல்லுலோஸ், அதே கார்பாக்ஸிமெத்தில் குழு, நேரெதிர் வேலை. எந்தக் குழு, எவ்வளவு, குறுக்குப் பிணைப்பு உண்டா என்று சொல்லாமல் ‘மாற்றியமைக்கப்பட்டது’ என்று மட்டும் சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது.

அடுத்து டைக்ளோஃபெனாக் விஷயம். எனக்கு அதிக எரிச்சல் தருவது இதுதான். வழக்கமான சோதனை என்னவென்றால், முதல் இரண்டு மணி நேரம் வயிற்று அமிலத்துக்குப் பதிலாக 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு குடலுக்குப் பதிலாக பி.எச். 6.8 பஃபர். 900 மி.லி., 37 டிகிரி, துடுப்பு நிமிஷத்துக்கு 50 சுற்று. கட்டுரையில், ‘முதல் இரண்டு மணி நேரத்தில் மிகக் குறைந்த மருந்தே வெளியேறியது, எனவே இந்தப் பிசின் இரைப்பையில் மருந்தைக் காக்கிறது’ என்று எழுதுவார்கள். டைக்ளோஃபெனாக் சோடியம் அமிலத்தில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. பிசினே இல்லாமல் மருந்துப் பொடியை நேரடியாக அமிலத்தில் கொட்டினாலும் அது கரையாமல்தான் கிடக்கும். பிசினுக்குக் கொடுத்த மார்க்கை மருந்து வாங்கியிருக்கிறது! லாக்டோஸ் போட்டு, பிசின் இல்லாமல், அதே அளவில் ஒரு மாத்திரை செய்து பக்கத்தில் வைத்திருந்தால் ஒரே மத்தியானத்தில் தெரிந்திருக்கும்.

கோட்டைச் சமன்பாட்டில் பொருத்துவது பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். ஹிகுச்சி 1961இல் எழுதிய சமன்பாடு களிம்பிலிருந்து மருந்து வெளியேறுவதற்கு. ஊதிக் கரைகிற மாத்திரைக்கு அதை அப்படியே மாட்டுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். நம்மவர்கள் 98 சதவீதம் வரை போட்டுப் பொருத்தி, அதில் வந்த என் மதிப்பை வைத்து மருந்து எந்த வழியில் வெளியேறுகிறது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

இனி ‘இயற்கை’. முதல் பத்தியில் இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது. மூன்றாம் பக்கத்தில் செய்முறைக்கு வந்தால் மோனோகுளோரோஅசிட்டிக் அமிலம், காஸ்டிக் சோடா, சில கட்டுரைகளில் எபிகுளோரோஹைட்ரின், சிலவற்றில் அக்ரிலமைடு ஒட்டுச்சேர்க்கை. அக்ரிலமைடு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் பொருள். இவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹைப்ரோமெல்லோஸ் செய்வதற்கும் மெத்தில் குளோரைடும் புரோப்பிலீன் ஆக்ஸைடும் வேண்டும். இரண்டுமே சாது இல்லை. ஆனால் ஹைப்ரோமெல்லோஸ் விற்கிறவர் யாரும் அதை இயற்கை என்று சொல்லி விற்பதில்லை. கடைசியில் எச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுத்து விற்கிறார். நம்ம ஆய்வேட்டில் ‘இயற்கை’ என்ற சொல் அந்த அளவீட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

மலிவு என்கிற வாதமும் அப்படித்தான். புளியங்கொட்டை மலிவு, சந்தேகமில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் கொட்டை எடுத்த புளிக்குத்தான் விலை. கொட்டை கழிவாகப் பிரிந்து மாவு அரைக்கிற ஆலைக்குப் போகும். ஆனால் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம்? பருப்பை மாவாக்கி, குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி, ஒரு ராத்திரி தெளிய விட்டு, வடித்து, அந்தத் தெளிவுக்கு இரண்டு மடங்கு எத்தனால் ஊற்றிப் பசையைத் திரிக்கிறோம். இருபது கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் எத்தனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மலிவு என்று எழுதுகிற யாரும் இந்தக் கணக்கைப் போட்டு நான் பார்த்ததில்லை.

புளியங்கொட்டை ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1942இல் டி.பி. கோஷும் எஸ். கிருஷ்ணாவும் உரித்த பருப்பில் 46 முதல் 48 சதவீதம் ஜெல்லாகும் பொருள் இருப்பதாக அறிவித்தார்கள். பம்பாயில் ஜி.ஆர். சாவூர் அதைச் சுத்தப்படுத்தி ‘ஜெல்லோஸ்’ என்ற பெயரில் ஜாமுக்கும் ஜெல்லிக்கும் காப்புரிமை எடுத்தார். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்ட அந்தக் காலத்திலிருந்தே புளியங்கொட்டைப் பசை உண்டு. துணியில் அச்சுப் போடும் ஆலைகளில் கார்பாக்ஸிமெத்தில் செய்த புளியங்கொட்டை மாவு சாயத்தைக் கெட்டியாக்கும் சாதாரணச் சரக்கு. மருந்துக்கு மட்டும்தான் அது ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பிறக்கிறது.

அதை உருப்படியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் மியாசாகியும் இங்கிலாந்தில் ஆட்வுட்டும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட வேலை ஒன்று. புளியங்கொட்டைப் பசை ஒரு சைலோகுளூக்கன்: குளூக்கோஸ் முதுகெலும்பு, அதில் சைலோஸ் கிளைகள், சில கிளை நுனியில் காலக்டோஸ். அப்படியே இருந்தால் பாகாகத்தான் இருக்கும், உறையாது. என்சைம் போட்டு காலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தரித்துவிட்டால், குளிரில் திரவம், உடம்புச் சூட்டில் ஜெல். மலக்குடல் வழி மருந்து கொடுக்க அதைச் சோதித்தார்கள், பின்னால் கண்ணுக்கும். என்ன மாற்றினோம், எவ்வளவு மாற்றினோம், அதனால் எந்தக் குணம் வந்தது என்று மூன்றும் அங்கே ஒரே நூலில் கோர்த்திருக்கிறது. இத்தாலியில் பீசா நகரத்து ஃபார்மிஜியா நிறுவனம் புளியங்கொட்டைப் பாலிசாக்கரைடைக் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தாகவே விற்றது. கண்ணீரில் இருக்கும் மியூசின் போல அது கண் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அடிப்படை. கொத்தவரைக்கும் இதே யோகம் அடித்திருக்கிறது. நாம் வற்றல் போட்டுச் சாப்பிடுகிற செடியின் விதைப் பிசின், ஹைட்ராக்ஸிபுரோப்பில் குவாராகி, சிஸ்டேன் சொட்டு மருந்தாகத் தில்லை நகர் கடையில் கிடைக்கிறது.

நம்ம பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஒய்.எஸ்.ஆர். கிருஷ்ணையா குழு 1998இல் குவார் பிசினைப் பெருங்குடலுக்கு மருந்து கொண்டுபோகும் வாகனமாகச் சோதித்தது. வயிறும் சிறுகுடலும் பிசினைச் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியா தின்னும் என்பது ஊகம். அவர்கள் பஃபரோடு நிற்கவில்லை. எலியின் பெருங்குடல் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த பொருளைக் கரைசலில் கலந்து, பாக்டீரியா இருந்தால் வேகம் கூடுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு கதிரியக்க டெக்னீஷியம் வைத்த மாத்திரையை மனிதத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, காமா கேமராவில் மாத்திரை எந்த இடத்தில் உடைகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஊகம் எதுவோ அதற்கேற்ற சோதனை. இதே தர்க்கம்தான் இன்று ஐரோப்பாவில் டில்லட்ஸ் நிறுவனத்தின் 1600 மி.கி. மெசலமின் மாத்திரையில் இருக்கிறது. அதன் மேல்பூச்சில் சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள ஸ்டார்ச் கலந்திருக்கிறார்கள். பி.எச். பார்த்துத் திறக்கும் பூச்சு ஏமாற்றினாலும் பாக்டீரியா திறந்துவிடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வாழைக்காய்தான் ஞாபகம் வரும். பச்சை வாழைக்காய் ஸ்டார்ச்சில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காது. வேக வைத்தால் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கொள்ளிடக் கரை முழுக்கத் தோப்பு இருக்கிறது. மாத்திரைக்குக் குருணை செய்யும்போது ஈரமும் சூடும் பட்டால் அந்த ஸ்டார்ச் எவ்வளவு தாங்கும்? எட்டு மணி நேரக் கோடு வரைவதைவிட இது நல்ல கேள்வி.

சரி, உருப்படியான வேலையே செய்தாலும் கடைக்கு வந்துவிடுமா? அங்கே இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் துணைப்பொருளுக்கென்று தனியாக அனுமதி கிடையாது. ஏதாவது ஒரு மருந்தின் விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். புதுப் பிசினால் தன் மருந்து விண்ணப்பம் தள்ளிப்போகட்டும் என்று எந்த நிறுவனம் நினைக்கும்? 2021இல்தான் எஃப்.டி.ஏ. புதுத் துணைப்பொருள்களைத் தனியாக மதிப்பிட ஒரு முன்னோட்டத் திட்டம் ஆரம்பித்தது. இந்த பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2005இல் பல்லாடோன் என்ற 24 மணி நேர வலி நிவாரணி சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அது பிசின் மாத்திரை இல்லை, வேறு பாலிமர் வைத்த காப்ஸ்யூல். மதுவோடு சாப்பிட்டால் கூடு விட்டுக்கொடுத்து, ஒரு நாள் ஓப்பியாய்டு மொத்தமும் சேர்ந்தாற்போல் ரத்தத்தில் இறங்கும் ஆபத்து. நம்ம பிசின் மாத்திரைகளில் மதுவில் போட்டுப் பார்த்த அட்டவணை என் கண்ணில் பட்டதில்லை.

நான் சில வருஷம் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். அங்கே ஒரு தடவை பிசின் சரக்கின் புது மூட்டை பிரித்தோம். அதே சப்ளையர், அதே பெயர், சான்றிதழும் ஒழுங்காக இருந்தது. பாகுத்தன்மை மட்டும் பழைய மூட்டையில் பாதி. ஆறு மணி நேர மாத்திரை மூன்றரை மணி நேர மாத்திரை ஆகிவிட்டது. அந்த பேட்ச் முழுவதும் அழிக்கப்பட்டது. மழை அதிகமான வருஷமா, விதை முற்றாமல் பறித்தார்களா, வறுக்கும்போது சூடு கூடிப்போச்சா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை.

அதனால் பிசினோடு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: ஒரே ஒரு மருந்து, ஒரே ஒரு மாற்றம், ஆனால் மூன்று மண்டிக் கொட்டை, இரண்டு அறுவடை. ஒவ்வொன்றிலும் புரதம் எவ்வளவு மிச்சம், பாகுத்தன்மை எவ்வளவு, கார்பாக்ஸிமெத்தில் எவ்வளவு ஏறியது, கோடு எவ்வளவு நகர்ந்தது. பக்கத்தில் பிசின் இல்லாத மாத்திரை ஒன்று, கே100எம் மாத்திரை ஒன்று. போன மாசம் வந்த பையனிடமும் இதைச் சொன்னேன்.

“சார், இதுல புதுமை என்ன இருக்குன்னு வைவாவுல கேப்பாங்களே” என்றான்.

கேட்பார்கள்தான். பதில் சொல்ல அட்டவணை கையில் இருக்கும்னு சொன்னேன். அவன் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கொட்டையை காந்தி மார்க்கெட்டில்தான் வாங்கினேன், எந்த மாசம்னு பில்லைப் பார்த்துச் சொல்றேன் சார் என்று வண்டியைக் கிளப்பினான்.